பூரிக்கட்டை மாஸ்டர்

அரூர் கடைவீதியில் நடந்து போகும்போதுகூடக் கை காட்டிவிட்டுத் திரும்புகிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் பூரிக்கட்டை மாஸ்டர். வலது பக்கம் திரும்ப அவர் கையை நீட்டினால், தக்காளிக் கடைக்காரர் ஏதோ கேட்கிறார் என்று நினைத்து அந்தக் கையில் ஒரு தக்காளியை வைப்பார். மாஸ்டர் அதை வாங்கிக்கொண்டே திரும்புவார்.

உரக்கடை மாடியில்தான் டிரைவிங் ஸ்கூல். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் வகுப்பில் உட்கார வேண்டும் என்பது அவர் சட்டம். ஆனால் உட்காரவும் விடமாட்டார். ஆளுக்கொரு பூரிக்கட்டையைக் கொடுத்து, இதுதான் ஹேண்டில்பார் என்று சொல்லி, நாற்காலிகளுக்கு நடுவே எங்களை ஓட்டச் சொல்வார். கீழேயிருந்து இதைப் பார்த்து, சமையல் வகுப்பு என்று மாடியேறி வந்த ஒரு அம்மா கடைசியில் லைசென்சோடுதான் வீட்டுக்குப் போனார். மாஸ்டர் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். சைக்கிளே ஓட்டத் தெரியாதவர்களைக்கூட டிரைவரய்யா, டிரைவரம்மா என்றுதான் கூப்பிடுவார்.

அவருக்கு ஒரு ஜன்ம விரோதி உண்டு: ஓடுகிற வண்டியில் சாமி கும்பிடுவது. எங்கள் பக்கம் அது வெகு சாதாரணம். தீர்த்தமலைக் கோயில் கண்ணில் பட்டதும் ஹேண்டில்பாரை விட்டுவிட்டு இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொள்கிற பையன்கள் இருக்கிறார்கள். மாஸ்டரும் நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர்தான். ஆனால் நாங்கள் பூரிக்கட்டையோடு போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று மேஜையிலிருந்து ஒரு கோயில் மணியை எடுத்து அடிப்பார். யார் கை கட்டையை விட்டதோ அவருக்கு ஆக்சிடென்ட். தரையில் படுத்துவிட வேண்டும். முதல் நாள் மொத்த வகுப்பும் படுத்துவிட்டது. டீ கொண்டுவந்தவர் கிளாஸ்களை வைத்துவிட்டு ஆம்புலன்சுக்குப் போன் போட ஆரம்பித்தார்.

நாள் போகப்போக மற்றவர்கள் பழகி எழுந்துவிட்டார்கள். நான் மட்டும் படுத்தே கிடந்தேன். மணி அடித்தால் என் கை சிலுவை போடும். பிறந்ததிலிருந்து பழகிய கை. எனக்கு மொரப்பூரில் ஒரு பரிசோதனை லேபில் வேலை கிடைத்திருந்தது. காலை ஷிஃப்டுக்கு எங்கள் ஊரிலிருந்து பஸ் கிடையாது. மாஸ்டர் சரி என்று சொன்னால்தான் ஸ்கூட்டர், இல்லையென்றால் வேலையே வேண்டாம் என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். லேபிலோ, இன்னும் தாமதமானால் வேறு ஆள் பார்க்கிறோம் என்றார்கள். ஒருநாள் மணி அடித்ததும் விழுந்து, படுத்தபடியே அழுதுவிட்டேன். மாஸ்டர் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அழுவாதீங்க டிரைவரம்மா. சாமி எங்கியும் போயிராதுங்க. வண்டிய நிறுத்திட்டு, எறங்கி, பொறுமையா கும்புடுங்க. சாமிக்கு என்ன, பஸ்ஸா புடிக்கணும்?"

கடைசிப் பரீட்சையை ரோட்டிலேயே வைத்தார். மாதா கோயிலைத் தாண்டி, அடுத்த வளைவு வரைக்கும் நான் நிற்காமல் ஓட்ட வேண்டும். அவர் மொபெட்டில் பின்னால் வருவார். கோயிலை நெருங்கும்போது சரியாக மணி அடித்தது. எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர் ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. என் வலது கை துடித்தது. ஆனால் பிடியை விடவில்லை. மாதாவே மன்னிச்சிடுங்க என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே தாண்டிவிட்டேன்.

வளைவில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால், பின்னால் மாஸ்டரைக் காணவில்லை. மாதா கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மொபெட்டை ஓரம் கட்டி, ஸ்டாண்டு போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, விபூதி நெற்றியோடு இடது வலது தெரியாமல் தப்பும் தவறுமாகச் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார். நிதானமாக என்னிடம் வந்து சேர்ந்தார்.

"உங்கப்பாகிட்ட சரின்னு சொல்லிடறேங்க. நீங்க கும்புடாம போனது உங்க மனசுக்குச் சங்கடமா இருக்குமில்லிங்களா? அதான் உங்களுக்குப் பதிலா நான் கும்புட்டுட்டு வந்தேன்."

இப்போது தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். கோயில் வந்ததும் வண்டியை நிறுத்தி, இறங்கி, சிலுவை போட்டுக்கொள்கிறேன். அப்பா, அம்மாவுக்காக வேண்டிவிட்டு மாஸ்டருக்காகவும் வேண்டுவேன். சில நாள் வேண்டுதலில் அவர்தான் முதலில் வந்துவிடுகிறார்.