வெள்ளைப் பூ எனக்கா, போர்வெல்லுக்கா?

தாங்கள் போர்வெல் ரிக் நிறுத்தும் இடமெல்லாம் தண்ணீர் பனை உயரத்துக்குப் பீய்ச்சி அடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, ராய்ப்பூர் கேம்ப்பில் இருக்கும் தாய்மாமா குமரகுரு அவர்களுக்குப் புதுச்சத்திரத்திலிருந்து இளவழகன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு அம்மா, அப்பா, நான், கறவை மாடு அனைவரும் நலம். அங்கு தாங்களும் ஆட்களும் கம்ப்ரசரும் நலமா?

போன் இருக்கையில் காகிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். வாய்ஸ் அனுப்பினால் நீங்கள் அதைக் கேம்ப்பில் சோறு தின்கிற அத்தனை பேர் முன்னாலும் ஸ்பீக்கரில் போடுகிறீர்கள். போன தடவை நான் அழுததற்கு யாரோ ஒரு ஒரிசாக்காரர் இந்தியில் ஆறுதல் சொல்லிப் பதில் அனுப்பினார். திருச்செங்கோட்டிலிருந்து துளை போடுகிற ராடு ஏற்றிக்கொண்டு வருகிற உங்கள் லாரியில் நானே கிளம்பி வருகிறேன். ஆனால் உங்கள் மீசையைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. அதனால் இதைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பேன். படித்துக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு வந்தபோது கேட்டீர்களே, "என்றா கண்ணு, காலேஜ் முடிச்சு என்னதான் பண்ணப்போற? ரிக்குல மேனேஜர் எடம் ஒண்ணு கெடக்குது. நீ வாரேன்னா உனக்கு. இல்லீன்னா வேற ஆளப் பாத்துக்கறேன், சித்திரைக்குள்ள சொல்லீரு" என்று. அன்றைக்கு நான் "ம்" என்றேன். அந்த "ம்"முக்கு அர்த்தம் எனக்கே தெரியாது மாமா. பி.சி.ஏ. கடைசி வருடம். எதற்குச் சேர்ந்தேன் என்றால் அந்த வரிசையில் கூட்டம் கம்மியாக இருந்தது. காலேஜில் ஒரு மேடம் கூப்பிட்டு, உனக்கு எதில் ஆர்வம் என்று கேட்டார்கள். காலை எட்டரை மணிக்கு நாமக்கல்லுக்குப் போகிற எங்கள் பஸ்ஸில் என்றேன். உண்மைதானே, அந்த பஸ்ஸுக்கு நெட்டில் ரசிகர் பக்கம் நடத்துவது நான்தான். அது திரும்புகிற அழகை ஸ்லோமோஷனில் வெட்டிப் பாட்டுப் போட்டால் சேலம் வரைக்கும் ஷேர் போகும். எடிட்டிங் எல்லாம் யாரும் சொல்லித்தராமல் நானே கற்றது. "அப்போ டிரைவர் ஆகறியா?" என்றார்கள். "இல்லீங் மேடம், பாக்கத்தான் புடிக்கும்" என்றேன். எழுந்து போகச் சொல்லிவிட்டார்கள்.

இதில் எனக்குப் பெரிய சீக்கு என்னவென்றால் பொறாமை. மார்க்கைப் பார்த்து, காசைப் பார்த்து வருகிற பொறாமை இல்லை. ஆசை இருக்கிறவனைக் கண்டால் வயிறு எரிகிறது. என் பக்கத்து பெஞ்சில் நயீம், சேலத்துப் பையன். அவன் அத்தா கரீம் பாஷா லாரிக்கு சீட் தைக்கிற கடை வைத்திருக்கிறார். பாடம் நடக்கும்போது நயீம் சீட் டிசைன் வரைவான், தானாகச் சிரிப்பான். "என்னடா சிரிப்பு?" என்றால், "முதுகு வலிக்காத சீட்டு மச்சான், இது மட்டும் வொர்க் ஆச்சுன்னா..." என்பான். ஒரு சீட்டை நினைத்து ஒருத்தனால் சிரிக்க முடிகிறது! அன்றைக்கு எனக்கு டிபன் இறங்கவில்லை.

நயீமாவது தொலைவு. ஊட்டுக்கு ஊடு ஒட்டி, ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறானே சித்தப்பா மகன் குணசீலன், அவன்தான் என் உயிரை வாங்குகிறான். ரோட்டில் ரிக் போனால் சோத்துக் கையோடு ஓடுவான். நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து வைத்திருக்கிறான், அதுவும் என் போனில், நான் பஸ் படம் வைத்திருக்கிற போல்டரில். ரிக் ரிக் என்று சாகிறவனுக்கு ரிக் வைத்திருக்கிற மாமன் இல்லை. எனக்கு நீங்கள் இருக்கிறீர்கள், ஆசை இல்லை. சாமி பார்சலை மாற்றிப் போட்டுவிட்டது.

இந்த நிலையில்தான் அம்மா, "அம்மங்கிட்டப் பூக் கேட்டரலாம்" என்றது. பனமரத்துப்பட்டிப் பக்கம் நம்ம குலதெய்வம். உங்களுக்குத் தெரியாததா? வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிகப்பு அரளி ஒரு பொட்டலம், ஒரே மாதிரி இலையில் கட்டி அம்மன் காலடியில் வைத்துக் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் போ, சிகப்பு வந்தால் போகாதே. "பையன் ரிக்குக்குப் போலாமா?" இதுதான் நம் கேள்வி. சும்மா இருந்திருக்கலாம். வேனில் இடம் இருக்கிறதென்று சித்தப்பாவும் குடும்பத்தோடு ஏறிக்கொண்டார். அவருக்கு, மேக்கால காட்டில் போர் போடலாமா என்று ஒரு கேள்வி. பூசாரிக்கு அடுத்த பூஜைக்கு ஆள் வந்துவிட்ட அவசரம். நாலு பொட்டலத்தையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார். சித்தப்பாவின் சின்ன மகள் கனிஷ்காவை "எடு சாமி" என்றார்கள். அது ரெண்டு கையாலும் கைக்கொன்றாக ஒரே நேரத்தில் அள்ளிவிட்டது. வலது கையில் வெள்ளை. இடது கையில் சிகப்பு.

"வலது கை எங்குளுது" என்றார் சித்தப்பா.

"அதெப்புடிங் கொழுந்தனாரே?"

"புள்ள எங்க புள்ளைங் அண்ணி. சோத்துக் கையில வந்தது சொந்த ஊட்டுக்குத்தானுங்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குளுகுளு. அப்பாடா, எனக்குச் சிகப்பு, தப்பித்தேன் என்றிருந்தேன். அந்த நேரம் பார்த்து குணசீலன் அம்மாவிடம் போய், "பெரிம்மா, அவன் போகலீன்னா அந்த எடத்துக்கு என்னயச் சொல்லி உடறீங்ளா?" என்றான். கேட்ட முகத்தைப் பார்க்க வேண்டுமே, தேர் வடம் பிடித்தவன் மாதிரி. அந்த நொடியில் மாமா, எனக்கு வேண்டாத ரிக் என் ரிக் ஆகிவிட்டது. ஊடு வந்து சேருகிற வரைக்கும் அவனோடு பேசவில்லை.

அப்புறம் சித்தப்பா அம்மன் வாக்கென்று மேக்கால காட்டில் போர் போட்டார். ஆயிரம் அடிக்கு மேல் புகை மாமா, வெறும் புகை! ஒரு சொம்புத் தண்ணி இல்லை. சித்தப்பா தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்தார். குணசீலன் மட்டும் தலையெல்லாம் கல்லு மாவு படிய ரிக்கோடு ஒட்டி நின்று, "இன்னொரு ராடு உடுங்ணா" என்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். அப்பன் காட்டில் புகை வருகிறது, மகனுக்கு சந்தோஷம் தாங்கவில்லை. இதைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன் என்றால் என்னை எந்தச் செருப்பால் அடிப்பீர்களோ அடியுங்கள்.

அன்று சாயங்காலம் அம்மா தீர்ப்புச் சொன்னது. "அம்மன் பொய் சொல்ல மாட்டா. சிகப்பு உங்க போருக்கு வந்ததுங். வெள்ளை என்ற பையனுக்கு. நீங்கதான் கைய மாத்திச் சொல்லிப் போட்டீங்." அம்மனைக் காப்பாற்றுவதற்காக சித்தப்பாவும் ஆமாங்க என்றுவிட்டார். குணசீலன் எழுந்து வெளியே போனான். ஆக, தெய்வமே சொல்லிவிட்டது, நான்தான் மேனேஜர். குணசீலன் போன் பண்ணினால் எடுக்காதீர்கள். எடுத்தாலும் சிக்னல் இல்லை என்று சொல்லுங்கள். எனக்குப் பிடிக்குமா என்று கேட்காதீர்கள். அவனுக்குக் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பெரியவர்களுக்கு என் கும்பிடு. கேம்ப் ஆட்கள் அனைவருக்கும், அந்த ஒரிசாக்காரர் உட்பட, என் அன்பு. கல்லு இளகி, ஊற்று பெருகி, தங்கள் தொழில் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
வருங்கால மேனேஜர்
இளவழகன்

பி.கு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். லாரி வந்து வாசலில் நிற்கிறது, டயர் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். குணசீலன் வழியனுப்ப வந்தான். தோளில் ஒரு பை. "உனக்கெதுக்குடா பை?" என்றேன். "சும்மாதான்" என்றான். பிடுங்கிப் பார்த்தேன். ரெண்டு லுங்கி, பேஸ்ட், பழைய தலைக்கவசம் ஒன்று, எல்லாம் மடிப்புக் கலையாமல். என் பையை அம்மா கட்டியது, உள்ளே என்ன இருக்கிறதென்று எனக்கு இன்னும் தெரியாது. டிரைவரண்ணன், "யாருப்பா ஏறுறது? ஒரு சீட்டுத்தான் இருக்குது" என்றார். வயிறு எரிந்த எரிச்சலில், "இவன்தானுங்" என்று சொல்லிவிட்டேன். ஏறிவிட்டான் மாமா. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதைக் கொண்டுவந்து நீட்டுகிறவன் அவன்தான், சேர்த்துக்குங்க. பூ எடுத்தது அவன் தங்கச்சி, அதனால் வெள்ளை அவனுக்குத்தான் என்று அம்மாவைச் சமாளித்துக்கொள்கிறேன். நான் என்ன பண்ணப்போகிறேன் என்று மட்டும் இப்போதைக்குக் கேட்காதீங்க. அவனுக்கு வேலை குடுங்க, சோறு போடுங்க, மெசினைத் தொட உடுங்க. ஆனா மருமகனேன்னு மட்டும் கூப்புட்றாதீங் மாமா. தம்பின்னாப் போதும்.