வீட்டிலிருந்தே ஓவிய மியூசியம்

கேட்காமலேயே காபி வந்தது. அதிலேயே பட்டன் சாருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

பட்டன் சார் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். வலைத்தளம் வடிவமைப்பது அவர் தொழில். எந்தத் தளத்தைத் திறந்தாலும் "பட்டன் தப்பான இடத்துல இருக்கு" என்பார். தன் சட்டையின் இரண்டாவது பட்டன் எங்கே போனதென்று மட்டும் அவருக்குத் தெரியாது.

மனைவி கணக்கு டீச்சர். பள்ளிக்கு விடுமுறை. காபியை வைத்துவிட்டுப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து போனை நீட்டினாள்.

"என்னங்க, இந்த ரெண்டு ஓவிய மியூசியத்துல எதோட வெப்சைட் நல்லா இருக்கு?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் தொழிலைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"எதுக்குக் கேக்கற?"

"சும்மாதான்."

அவளுடைய 'சும்மா'வை அவர் நம்புவதில்லை. போன தடவை சும்மா பார்த்த அலமாரி இப்போது பாதி ஹாலை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் விரல் ஓவியங்களைத் தாண்டி, 'எப்படி வருவது' என்ற பக்கத்தில் போய் நின்றது. இரண்டு மியூசியமும் வெகு தூரத்து ஊர்களில் இருந்தன. விஷயம் புரிந்துவிட்டது. பயணம். லீவு போட்டிருந்த அவருக்கோ, கட்டிலின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதைத் தவிர வேறு பயணம் உத்தேசமில்லை. ஊருக்கெல்லாம் வலை பின்னுகிறவனுக்கே வலையா என்று நினைத்துக்கொண்டார்.

உடனே வேலையில் இறங்கினார். அவள் கேட்ட இரண்டோடு இன்னும் சில மியூசியத் தளங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து ஒப்பிட்டார். ஒன்றில் தேடும் பெட்டியையே தேட வேண்டியிருந்தது. இன்னொன்றில் கட்டடத்தின் படம் நாலு கோணத்தில் இருந்தது, ஓவியம் ஒன்றுகூட இல்லை. வேறொன்று 'விரைவில்' என்று அறிவித்த கண்காட்சி எப்போதோ முடிந்திருந்தது. கடைசியில் தேறியது அவள் கேட்ட இரண்டில் ஒன்றின் தளம்தான். கூடம் கூடமாக நடக்கலாம். தூரிகைத் தடம் தெரியும்வரை படத்தைக் கிட்டே இழுக்கலாம்.

"இங்க வா. இதப் பாரு."

அவள் பார்த்தாள். "நேர்ல போய்ப் பாத்த மாதிரி இருக்குமா?"

"அதுக்கும் மேல. கூட்டம் இல்ல, கால் வலி இல்ல. தொடாதேன்னு அதட்ட ஆள் இல்ல."

"அப்ப போகவே வேண்டாங்கறீங்க."

"இதெல்லாம் இருக்கும்போது முட்டாள்தான் போவான்."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"இது என் தொழில்ம்மா."

அவள் தலையாட்டிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இவ்வளவு சுலபமாக ஜெயித்ததுதான் அவருக்கு இடித்தது.

அதை மறக்க அந்தத் தளத்திலேயே உலாவினார். அங்கேதான் அந்த ஓவியம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஜன்னலோரம் ஒரு கிழவர் ஆரஞ்சு உரிக்கிறார். முதுகுக்குப் பின்னால் கதவு லேசாகத் திறந்திருக்கிறது. இடுக்கில் ஒரு செருப்பு நுனி. யார் அது? எதற்காக ஒளிந்து நிற்கிறார்கள்? கிட்டே இழுத்தார். இன்னும் இழுத்தார். செருப்பு சதுரம் சதுரமாக உடைந்துபோனது. மறுநாளும் இழுத்தார். சோறு இறங்கவில்லை. நேரில் பார்த்தால் ஒழிய நிம்மதியில்லை என்று தோன்றிவிட்டது.

அதற்கடுத்த நாள் காலையில் முகம் மழித்துக்கொண்டு, படுக்கையறைக்குள் மெதுவாக நுழைந்தார். மனைவி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அந்த மியூசியத்துக்கு நேர்லயே ஒரு நடை போயிட்டு வந்தா என்ன?"

"அங்கதாங்க கிளம்பறேன். நேத்தே டிக்கெட் எடுத்தாச்சு. எனக்கும் உங்க தங்கச்சிக்கும்."

"என் தங்கச்சியா? அப்ப நான்?"

"உங்கள கேக்காமலா? முட்டாள்தான் போவான்னு சொல்லிட்டீங்களே. சரி, ரெண்டு முட்டாளும் போயிட்டு வர்றோம்."

"இன்னொரு டிக்கெட் கிடைக்காதா?"

"கிடைக்கும். ஆனா அவ பசங்கள யார் பாத்துக்கறது? உங்க வாயால வரமாட்டேன்னு சொல்ல வெச்சாதான் நீங்க வீட்ல இருப்பீங்கன்னு, வெப்சைட்டப் பத்திக் கேக்கச் சொன்னதே உங்க தங்கச்சிதான்."

வாசலில் மணி அடித்தது. கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு வால்கள் போட்ட சத்தம் மாடிவரை கேட்டது.

"வந்துட்டாங்க போல," என்று பெட்டியை மூடினாள் மனைவி. "பசங்களுக்குக் கூடம் கூடமா நீங்களே சுத்திக் காட்டுங்க. கால்தான் வலிக்காதே."