கடித்த சொத்து

நாச்சிமுத்து வீட்டு டிவி மச்சான் பேரில் இருந்தது. பைக் தம்பி பேரில். பிரிட்ஜ் மாமியார் வாங்கிக் கொடுத்தது, ரசீதில் மனைவி பெயர். ஏட்டு ஒவ்வொரு ரசீதாகப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். கோர்ட் ஜப்தி வாரண்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்காரப் போனார்.

"பாத்துங்க ஏட்டையா, அது பந்தல்காரனுது. வாடகை" என்றான் நாச்சிமுத்து.

பக்கத்தில் நின்ற சென்னியப்பனுக்கு வலது கெண்டைக்கால் துடித்தது. நாச்சிமுத்துவின் நாய் அங்கேதான் கவ்வியிருந்தது. கேஸ் மூன்று வருஷம் இழுத்தது. நாயை அஜாக்கிரதையாக விட்டதற்குக் கோர்ட் கலையும்வரை காவல், சென்னியப்பனுக்குப் பதினைந்தாயிரம் நஷ்டஈடு என்று தீர்ப்பானது. நாச்சிமுத்து தண்டனையைக் கோர்ட் பெஞ்சில் தூங்கிக் கழித்தான். நஷ்டஈட்டைக் கேட்டதற்குச் சிரித்தான்.

சென்னியப்பனுக்குப் பணம் முக்கியமில்லை. சிரித்தவன் பாக்கெட்டிலிருந்து அது வர வேண்டும். அது மட்டும்தான் வேண்டும்.

"அப்ப இவன் பேர்ல ஒண்ணுமே இல்லீங்களா?"

"ரேஷன் கார்டுல பேரு இருக்குது. அதை ஏலம் விட முடியாதுங்க" என்றார் ஏட்டு.

வாசலில் படுத்திருந்த சோடா என்கிற அந்த நாய் ஒரு கொட்டாவி விட்டது. சென்னியப்பன் அதைப் பார்த்தார்.

"இந்த நாய் யாருது?"

"தெரு நாயிங்க" என்றான் நாச்சிமுத்து. மூன்று வருஷமும் கோர்ட்டில் அதையேதான் சொன்னான்.

சென்னியப்பன் தீர்ப்பு நகலை விரித்தார். "மேற்படி நாய் எதிரிக்குச் சொந்தமானது என்று இந்த நீதிமன்றம் முடிவு செய்கிறது. கேட்டுக்குங்க ஏட்டையா. இவனுக்குச் சொந்தம்னு ஜட்ஜே சொன்ன ஒரே சொத்து இதுதான். ஜப்தி பண்ணுங்க."

ஏட்டு காதைச் சொறிந்தார். "அசையும் சொத்துதான். ஆனா எங்க வெக்கறது? ஸ்டேஷன்ல அக்யூஸ்டுக்கே இடமில்ல. நீங்களே கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போங்க. ஏலம் வரைக்கும் இதே மாதிரி இருக்கோணும். செத்துப் போச்சுன்னா உங்க மேல கேஸ்."

சென்னியப்பன் கையெழுத்துப் போட்டார். சங்கிலியின் நீளத்துக்குத் தள்ளி நடந்தபடி, சோடாவை வீட்டுக்கு இழுத்து வந்து வராண்டா கம்பியில் கட்டினார்.

மனைவி வசந்தாமணி வாசலில் வந்து நின்றாள். "கடிச்ச நாய்க்குக் கறிச்சோறு போடற ஆளை இப்பத்தாங்க பாக்கறேன்."

"அது நாயில்ல அம்மணி. பதினஞ்சாயிரம் ரூபா."

"உங்க பதினஞ்சாயிரம் கோலத்து மேல பேண்டு வெச்சிருக்குது. நீங்களே அள்ளுங்க."

சோடா கறிச்சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும் சென்னியப்பன் கால்நடை டாக்டரைக் கூட்டி வந்தார்.

"நோவெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எசமானைத் தேடுது" என்றார் டாக்டர்.

வேறு வழியில்லாமல் சென்னியப்பன் நாச்சிமுத்து வீட்டு வாசலில் போய் நின்றார்.

"எனக்கென்னங்ணா வந்துச்சு? அது இப்ப கவர்மெண்டு நாயி" என்றான் அவன்.

கெஞ்சிய பிறகு வந்தான். ஊட்டினான். சோடா தின்றது. வந்தவன் சும்மா நிற்கிறானே என்று வசந்தாமணி இரண்டு தோசை வைத்தாள்.

"சட்னில உப்புக் கொஞ்சம் தூக்கலுங்க்கா" என்றான் நாச்சிமுத்து.

மூன்று வேளையும் வர ஆரம்பித்தான். அவன் போனதும் சோடா ஊளையிட்டது. விடிய விடிய ஊளை. எதிர்வீட்டு டீச்சர் காலையில் வந்து, தன் மகளுக்குப் பரீட்சை என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டில் பிரஷர்காரர் ஒருவர் இருந்தார். அவர் சொன்னதை எழுத முடியாது.

சென்னியப்பன் நாச்சிமுத்துவை வராண்டாவிலேயே படுக்கச் சொன்னார். அவன் பாய் கேட்டான், தலையணை கேட்டான். டேபிள் ஃபேன் கேட்டான். குற்றவாளி காற்றோட்டமாகக் குறட்டை விட்டான். கடிபட்டவர் உள்ளே புழுக்கத்தில் புரண்டார்.

ஊளை நின்றது. ஆனால் எசமான் தூங்கும்போது காவல் காப்பது சோடாவின் பழக்கம். இப்போது தெருவில் யார் நடந்தாலும் சங்கிலி தெறிக்கப் பாய்ந்து குரைத்தது. பால்காரர் தெருமுனையோடு நின்றுகொண்டார். டீச்சர் பள்ளிக்கூடம் போகப் பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றினார். நாச்சிமுத்து மட்டும் எட்டு மணிவரை நிம்மதியாகத் தூங்கினான்.

"இன்னும் எத்தனை நாளைக்குங்க?" என்றாள் வசந்தாமணி.

"ஏலம் முடிஞ்சா தீந்துச்சு."

ஏலத்துக்கு நாலு பேர் வந்தார்கள். ஒருவர் ஐம்பது ரூபாய் கேட்டார். கேட்டவர் கொஞ்சம் யோசித்து, "கடிக்குங்களா?" என்றார்.

"கடிக்கும்னு கோர்ட்டே தீர்ப்புச் சொல்லிருக்குதுங்க" என்றார் ஏட்டு. அவர் பொய் சொல்லிப் பழகாதவர்.

ஏலம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது. சோடா திரும்ப வராண்டாவுக்கு வந்தது. பின்னாலேயே நாச்சிமுத்து தலையணையோடு வந்தான்.

ஒரு வாரம் கழித்துக் கோர்ட்டிலிருந்து போன். பதினைந்தாயிரமும் கட்டியாகிவிட்டது, செக்கை வாங்கிக்கொள்ளலாம், நாயை விட்டுவிடலாம் என்றார்கள்.

சென்னியப்பன் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். குமாஸ்தா நீட்டிய செக்கை இரண்டு கையாலும் வாங்கினார். கால் வலிகூடக் குறைந்த மாதிரி இருந்தது.

"பாத்தீங்களா, நாய் மேல கை வெச்சதும் காசு வந்துருச்சு. அத்தனையும் அடுத்தவன் பேர்ல எழுதி வெச்சவன், பாசத்தை யார் பேர்ல எழுதுவான்? கட்டறப்ப அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சுங்க?"

குமாஸ்தா முத்திரையைக் குத்தியபடியே நிமிர்ந்தார்.

"அவரு எங்கீங்க வந்தாரு? உங்க தெருக்காரங்க வசூல் பண்ணி எடுத்துட்டு வந்தாங்க. பத்தாததுக்கு உங்க வூட்டம்மா உங்க பீரோவைத் தொறந்துட்டாங்களாமா."