பியூலா செய்யாத ஆப்பிள் கிரிஸ்ப்

அன்புத் தங்கை லொரெய்னுக்கு,

வெர்மான்ட் மலைப்பக்கத்திலிருந்து அண்ணன் ஒரின் எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். ஃப்ளோரிடா வெயிலில் நீயும், மாப்பிள்ளை டுவைட்டும், காரணமில்லாமல் குரைக்கும் அந்தச் சின்ன நாயும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முக்கியமான சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ ஜெயித்தாய். உன் அண்ணி வினி போன நாளிலிருந்து, "இங்க வந்துடு அண்ணா, அறை சும்மாதான் கிடக்கு" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாயே, வருகிறேன். வீட்டை விற்றுவிடுகிறேன். அறையைத் துடைத்து வை. இந்த முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தது ஒரு பழப் பலகாரம். சிரிக்காதே, முழுக்கப் படி.

வினியை அடக்கம் செய்த வாரம் ஊரே சுடச்சுடச் சமைத்த சாப்பாட்டோடு என் வாசலுக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும், நீயும் இருந்தாய். ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் டேப் ஒட்டி, கொடுத்தவர் பெயர் எழுதியிருந்தது. நம் ஊர் வழக்கம் உனக்கு மறந்திருக்காது, பாத்திரம் வெறுமையாகத் திரும்பக் கூடாது. இந்த வேலையையெல்லாம் வினி பார்த்துக்கொண்டாள். எனக்குத் தெரிந்தது முட்டை அவிப்பது. அவித்த முட்டையை அவ்வளவு பெரிய பாத்திரத்தில் உருட்டிக்கொண்டு போய் யாரிடமாவது நீட்ட முடியுமா? அதனால் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து உக்கிராண அறைத் தட்டில் அடுக்கினேன். அடுத்த வாரம் கொடுக்கலாம் என்றிருந்தேன். அடுத்த வாரம் அடுத்த மாதம் ஆயிற்று. அப்புறம் பாத்திரக்காரர்கள் யாராவது எதிரில் வந்தால் தபால் நிலையத்துப் பின்பக்கமாகச் சுற்றிப் போக ஆரம்பித்தேன். இரண்டாவது இலையுதிர்காலமும் வந்துவிட்டது. அவர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள். பாத்திரத் திருடன் வீட்டுக்கு யார் வருவார்கள்? வாழ்நாள் முழுக்கக் கோடையில் சாலை போட்டு, குளிரில் பனி தள்ளும் வண்டி ஓட்டி இந்த ஊரின் ஒவ்வொரு வாசலுக்கும் வழி உண்டாக்கினவன் நான். என் வாசலுக்கு இப்போது தபால்காரரைத் தவிர நாதியில்லை. அவரும் வண்டியை விட்டு இறங்குவதில்லை.

இப்படியிருக்கையில் போன வாரம் தொலைபேசி அடித்தது. ஏதோ தவறான எண் என்றுதான் எடுத்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கத்து பியூலா ஸ்டானர்ட். தேவாலயப் பாடகர் குழுவில் ஒரு குரல் மட்டும் தனியாகக் கூரையைத் தூக்குமே, அவள்தான். "சனிக்கிழமை அறுவடை விருந்து, ஒரின். நீங்க வந்தாலே போதும், ஒண்ணும் கொண்டு வர வேணாம்" என்றாள். ஒன்றும் கொண்டு வர வேண்டாம் என்று நம் ஊரில் யாரிடம் சொல்வார்கள்? பாதிரியாரிடமும் கைக்குழந்தையிடமும்தான். எனக்குச் சுருக்கென்றது.

"இனிப்பு நான் கொண்டு வரேன்" என்று சொல்லிவிட்டேன்.

"நீங்களா?"

"நானேதான்."

"கடையில வாங்கியா?"

"என் கையால செஞ்சு!"

 அப்புறம், "சரி... கை பத்திரம்" என்றாள்.

உடனே வண்டியை எடுத்துக்கொண்டு மளிகைக்கடை மெர்லிடம் போனேன். "யோவ், ஆப்பிள் கிரிஸ்ப் பண்ணு. கண்ணை மூடிக்கிட்டுப் பண்ணலாம்" என்றான் அவன். "ஆப்பிளை நறுக்கிப் போடு. மேல ஓட்ஸ், மாவு, பழுப்புச் சர்க்கரை, பட்டைப்பொடி, வெண்ணெய் எல்லாத்தையும் உதிரி உதிரியாப் பிசறித் தூவு. அடுப்புக்குள்ள தள்ளு. மேல மொறுமொறுன்னு, கீழ கொழகொழன்னு வந்துட்டா ஆச்சு. என் பேத்தி பண்ணுவா." பேத்தி பண்ணுகிற வேலைக்கு எதற்குக் கூடுதல் கேள்வி என்று வந்துவிட்டேன், அங்கேதான் தவறினேன். ஓட்ஸ் நம் வீட்டிலேயே இருக்கிறதே என்று கொட்டகையில் மூட்டையைப் பிரித்தேன், கிழட்டுக் குதிரை செத்த பிறகு மிச்சமிருந்தது. உமியோடு இருந்தால் சத்து அதிகம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். உதிரியாகப் பிசைவதற்குப் பொறுமையில்லாமல் வெண்ணெயை உருக்கி ஊற்றினேன், அது சாலைக்குத் தார் கலந்த மாதிரி திரண்டது. அந்தக் கலவையோடு எனக்கு நல்ல பழக்கம் என்பதால் கரண்டியின் பின்பக்கத்தால் தட்டித் தட்டி மட்டமாக்கினேன். அடுப்புக்குள் தள்ளிவிட்டு விறகு பிளக்கப் போனேன். திரும்பி வந்தால் சமையலறை தெரியவில்லை. கூரையில் மாட்டியிருக்கும் புகை எச்சரிக்கை மணி ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறுகிறது.

லொரெய்ன், உன்னிடம் சொல்வதற்கென்ன, நான் அந்த மணியை உடனே நிறுத்தவில்லை. நாற்காலியைப் போட்டு ஏறினவன், கையைத் தூக்கினவன், அப்படியே நின்றேன். இவ்வளவு சத்தம் கேட்டால் யாராவது "என்ன ஆச்சு ஒரின்?" என்று எட்டிப் பார்ப்பார்கள் என்று தோன்றியது. சட்டையைக்கூடச் சரி பண்ணிக்கொண்டேன். மணி தொண்டை கட்டும்வரை அடித்தது. ஒரு ஈ காக்கை வரவில்லை. பிறகு நானே நிறுத்திவிட்டு இறங்கினேன். அந்த நேரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது, புகையாகவும் இருக்கலாம்.

புகைகிற பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, வெளியே ஈரமான கல் படியில் வைத்தேன். வேட்டைத் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், வினியின் கண்ணாடிப் பாத்திரம் நடுவாகப் பிளந்தது. உள்ளே இருந்த கிரிஸ்ப் மட்டும் பிளக்கவில்லை. அதைக் கோழிகளுக்குப் போட்டேன். அவை அதைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன. மெர்லிடம் மறுபடி போய் விஷயத்தைச் சொன்னால், அவன் கல்லாவின் மேல் தலையைக் கவிழ்த்துச் சிரிக்கிறான். "அது குதிரைக்குய்யா! மனுஷன் திங்கறது அவல் மாதிரி தட்டையா இருக்கும்!"

வெள்ளிக்கிழமை மறுபடியும் முயன்றேன். இந்தத் தடவை விறகு பிளக்கப் போகவில்லை, அடுப்புக்கு எதிரே நாற்காலி போட்டுக் காவல் இருந்தேன். வீட்டில் உருப்படியான பாத்திரம் இல்லாததால் உக்கிராண அறை அடுக்கில் மேலாக இருந்த நீலப்பூப் போட்டதை எடுத்துக்கொண்டேன். ஆப்பிளும் பட்டையும் சேர்ந்து கொதிக்கிற வாசனை எழும்பிற்று பார், வீட்டில் வேறு யாரோ நடமாடுகிற மாதிரி ஆகிவிட்டது. "வினி, இங்க வந்து பாரேன்" என்று வாயைத் திறந்து கூப்பிட்டேவிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் எனக்கே கேட்டது. கொஞ்ச நேரம் அடுப்புக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் கிரிஸ்ப் பொன்னிறமாக வந்தது, அதில் குறையில்லை.

இனி விருந்து. தேவாலயத்து நிலவறையில் நீள மேசையில் பாத்திரத்தோடு பாத்திரமாக அதைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்தேன். மெர்ல் அன்று சளிக்காய்ச்சலில் படுத்துவிட்டான், ஆகவே நான் சமைத்தது யாருக்கும் தெரியாது. இனிப்பு கொண்டு வருவதாகச் சொன்னதை பியூலாவும் நம்பியிருக்கப் போவதில்லை. பூசணிப் பணியாரங்கள் பாதி பாதியாகக் கிடக்க, என் பாத்திரம் வழித்த மாதிரி காலி! கடைசி மொறுமொறுப்புக்கு இரண்டு கிழவர்கள் கரண்டிச் சண்டை போட்டார்கள். "யாரு பண்ணினது இது?" என்று ஒருத்தர் கேட்டார். நான் தொண்டையைச் செருமி, பாதி எழுந்தும்விட்டேன். அதற்குள் பாதிரியாரின் மனைவி பாத்திரத்தைத் தூக்கி அடியில் பார்த்தாள். "பியூலா ஸ்டானர்ட்!" என்று கூவினாள். ஒரே கைதட்டல். அந்தப் பாழாய்ப்போன டேப்பை நான் மறந்தே போயிருந்தேன்! பியூலா பாத்திரத்தைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், எல்லாரையும் பார்த்துச் சிரித்து வைத்தாள். நான் என்ன சொல்வேன்? "பலகாரம் என்னுடையது, பாத்திரம் மட்டும் இரண்டு வருடமாக நான் அமுக்கி வைத்தது" என்றா? உட்கார்ந்துவிட்டேன். போகும்போது ஒருத்தர் என் முதுகில் தட்டி, "வந்து சாப்பிட்டியே ஒரின், அதுவே பெரிசு" என்றார். வெறும் கையோடு வீட்டுக்கு வந்தேன். இந்த ஊரில் நான் செய்தது எதற்கும் என் பெயர் இல்லை, எனக்கென்று ஒரு ஆளும் இல்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

ஆகவே முதல் பனிக்கு முன்னால் வந்துவிடுகிறேன். மாப்பிள்ளையின் கோல்ஃப் கதைகளை முகம் சுளிக்காமல் கேட்பேன். நாயோடும் ராசியாகிவிடுகிறேன். கர்த்தர் உங்கள் மூவரையும், நாயையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், புயலிலிருந்தும் வெயிலிலிருந்தும் காத்து ஆசீர்வதிப்பாராக.

உன் அன்பு அண்ணன்,
ஒரின் டட்டில்

பி.கு.: இதை வாசல் தபால் பெட்டியில் வைத்து, எடுத்துப்போகச் சொல்லித் தபால்காரருக்கு அடையாளமான சிவப்புக் கொடியையும் தூக்கிவிட்டுத் திரும்பினால், வாசலில் பியூலா. கையில் அதே நீலப்பூப் பாத்திரம், மேலே துணி மூடி, ஆவி பறக்கிறது. "உள்ள கூப்பிடுவீங்களா, இல்ல கை வெந்து சாகட்டுமா?" என்கிறாள். உள்ளே வந்து உட்கார்ந்ததும், "எனக்கு மனசே சரியில்ல ஒரின். என் பாட்டுக்குக்கூட எவனும் அப்படிக் கை தட்டினதில்ல. அதான் வாயை மூடிக்கிட்டேன். ஆனா முதல் வாயிலயே தெரிஞ்சுடுச்சு. ஆப்பிள் துண்டு ஒவ்வொண்ணும் செங்கல் அளவெடுத்த மாதிரி! ரோடு போட்ட மனுஷன் தவிர யாரு அப்படி நறுக்குவாங்க? வர்ற ஞாயித்துக்கிழமை தேவாலயத்துல எழுந்து நின்னு சொல்லிடறேன்" என்றாள். பாத்திரத்தில் பாலாடைக்கட்டி போட்ட மக்ரோனி. உன் பாத்திரத்தை நீயே ஏன் கொண்டு வந்தாய் என்று கேட்டேன். "நீங்க நிரப்பித்தானே கொடுத்தீங்க? இப்ப என் முறை."

அப்புறம் உக்கிராண அறைக் கதவு திறந்திருந்ததில் அந்த அடுக்கைப் பார்த்துவிட்டாள். "அடப்பாவி மனுஷா, எல்லாம் இங்கயா இருக்கு!" நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஏன் யாரும் வந்து கேட்கவில்லை என்றேன்.  "கேட்டு வாங்கிட்டா அதோட முடிஞ்சு போயிடுமே. பாத்திரம் உங்ககிட்ட இருந்தா என்னைக்காவது ஒரு நாள் எடுத்துக்கிட்டு வருவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தோம். நீங்க வரல. தனியா இருக்கத்தான் பிடிக்குது போலன்னு நாங்களும் விட்டுட்டோம்" என்றாள். லொரெய்ன், நான் தலை நிமிராமல் மக்ரோனியைத் தின்றேன்.

ஆகவே மேலே எழுதியதை நம்பாதே. புதிதாக எழுதக் கை வலிக்கிறது, அதனால் பெட்டியிலிருந்து அதையே திரும்ப எடுத்து, இதையும் சேர்த்து அனுப்புகிறேன். அறையில் டுவைட் தன் கோல்ஃப் சாமான்களை வைத்துக்கொள்ளட்டும். அடுக்கிலிருக்கிற கடைசிப் பாத்திரத்தையும் நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் நான் எங்கேயும் நகர முடியும். கொடுத்தால் அவர்கள் அதை வெறுமையாகவா திருப்புவார்கள்? மெர்ல் மனைவியின் பாத்திரம் இப்போது அடுப்பில் இருக்கிறது. பியூலா ஆப்பிள் தோலைச் சீவிக்கொண்டே என் வெண்ணெய்க் கணக்கைக் குறை சொல்கிறாள். இதோ, புகை மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. "ஒரின்! என்ன அங்க கருகுது, காது கேக்கலையா?" என்று கூரை பறக்கக் கத்துகிறாள். போகிறேன்.