லீமாவிலிருந்து சந்தியாகோவுக்கு ஒரு விரதம்

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.
சனிக்கிழமை.

பெரு நாட்டில் நீர்ப்பாசன வேலை பார்க்கும் அருமை மகன் கதிர்காமநாதனுக்குச் சகல நன்மையும் பெருகுக. இவ்விடம் அம்மா, நான், மாடுகள் யாவரும் சுகம். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் இம்முறை கடைசி வயல்வரை வந்தது.

நிற்க, வெள்ளிக்கிழமை காலை லீமாவிலிருந்து சந்தியாகோவுக்குப் பிளேனில் போவதாக ஒரு வரி எழுதியிருந்தாய். அதைக் கேட்டதும் அம்மா, "பிள்ளை ஆகாயத்தில நிக்குமட்டும் என்ரை வாயில பச்சைத்தண்ணியும் படாது" என்று சொல்லிவிட்டா. நீ கொழும்பில் பிளேன் ஏறியபோதும் இப்படித்தான் பட்டினி கிடந்து கிணற்றடியில் மயங்கி விழுந்தவா. உனக்கு நாங்கள் எழுதவில்லை. "இனியும் இப்பிடிக் கிடந்தால் ஆளைக் காப்பாத்தேலாது" என்று டாக்குத்தர் என்னைத்தான் ஏசினார். ஆகவே அந்தத் தூரம் எவ்வளவு, எத்தனை மணித்தியாலம் பறப்பாய் என்று அறியாமல் எனக்கு நித்திரையில்லை. கடைக்கார ஹமீட்டைக் கேட்டேன். "பக்கத்து நாடெல்லே அண்ணை, இஞ்சயிருந்து முல்லைத்தீவுக்குப் போறமாதிரித்தான்" என்றார். ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். "அப்ப அவன் ஏன் பஸ்ஸில போகேல்லை?" என்றா. நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன்.

பிறகு இளையதம்பி வாத்தியார் பள்ளிக்கூடத்து உலக உருண்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, அம்மாவுக்கு முன்னாலேயே நூல் பிடித்து அளந்தார். ஆயிரத்தைந்நூறு மைல் வந்தது. அம்மா நெஞ்சில் கை வைத்தா. "ஜெட் பிளேனெண்டால் மூண்டரை மணித்தியாலம் அக்கா, பழைய பிளேனெண்டால் ஆறு" என்றார். எந்தப் பிளேன் என்று நீ எழுதவில்லையே மகன்! அம்மா ஆறையே எடுத்துக்கொண்டா. "அங்க விடியேக்க இஞ்ச பொழுதுபடும். இராச்சாப்பாட்டை விட்டால் சரி" என்று வாத்தியார் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நேற்றுப் பொழுதுபட அம்மா பிள்ளையார் படத்துக்கு முன்னால் பாய் போட்டு இருந்துவிட்டா. நான் குசினிக்குப் போய்ச் சோறு போட்டுப் பிசைந்தேன். வாய்க்குக் கொண்டுபோனால் நீ அந்தரத்தில் தொங்குவதுபோலவே இருக்கிறது, எப்படி இறங்கும்? மூடி வைத்துவிட்டு அவாவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏன் நீங்கள் சாப்பிடேல்லை?"

"பசிக்கேல்லை."

அவா கொஞ்சம் தள்ளி இருந்து பாயில் இடம் விட்டா. ஆறு மணித்தியாலமும் கழிய, ஆறின சோற்றை இருவரும் ஒரே கோப்பையில் சாப்பிட்டோம். கலியாணம் கட்டி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு ருசி அறியேன்.

நீ சந்தியாகோவில் சுகமாக இறங்கியிருப்பாய். போகுமிடமெல்லாம் உன் கால் மண்ணிலேயே இருக்க வேண்டுமென்று வாழ்த்தும்,

அன்பு அப்பா,
ஏரம்பு.

பி.கு.: இதை ஒட்டப்போகும் நேரம் உன் தந்தி வந்தது. பிளேன் கிளம்பவேயில்லையாம், நீ திங்கட்கிழமை கப்பலில் போகிறாயாம். தபால்காரன் படலையிலேயே நின்று உரக்க வாசித்துவிட்டான். "கப்பலெண்டால் எத்தனை நாளப்பா?" என்று அம்மா கேட்க, "கப்பலில போறவைக்கு விரதம் பிடிக்கிறேல்லை" என்றேன். "ஆர் சொன்னது?" "கோயில் ஐயர்தான்." அம்மா இப்போது அவரிடம் கேட்க வெளிக்கிட்டுக்கொண்டிருக்கிறா. அவாவுக்கு முந்தி நான் ஐயரைப் பிடிக்க வேண்டும். சைக்கிளில் காற்றில்லை.