டிரில்லுக்குப் பொருத்தம் பார்த்தவர்

ஆஸ்திரேலியாவின் டூவூம்பா ஊரில் சனிக்கிழமை காலையில் பக்தர்கள் கூடும் இடம் தேவாலயம் அல்ல, ஹார்டுவேர் கடை வாசல். தன் தோட்டத்தில் எதையாவது தானே அறுத்து, துளைத்து, முடுக்காதவனை இங்கே மனிதனாகவே மதிப்பதில்லை. இவ்வளவு கைவேலை செய்கிறவர்கள், கருவியோடு வரும் கையேட்டை மட்டும் பிரிப்பதில்லை. பிரித்தால் தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். மானம் பெரிது.

அந்த மானத்தை நம்பித்தான் டெஸ்மண்ட் தம் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

டெஸ்மண்ட், பேட்டரி டிரில்லுக்கும் தோட்டத்துக்கும் பொருத்தம் பார்ப்பவர். எத்தனை வோல்ட், எவ்வளவு எடை, வெயிலில் எவ்வளவு நேரம் ஓடும் என்று விசாரிப்பது பாமரர் வழி. ஞானி வழி வேறு. தோட்டத்து மண்ணில் ஒரு பிடியும் கையிலுள்ள டிரில்லும் கொண்டுபோனால், மண்மேல் செம்பு வளையத்தை நூலில் தொங்கவிடுவார். வளையம் ஆடும். ஆடாவிட்டால் கை ஆடும். "உங்க மண்ணுக்கும் இந்த டிரில்லுக்கும் ஆகல" என்பார். ஆகாத டிரில்லைப் பெருந்தன்மையோடு தாமே வேனுக்குள் போட்டுக்கொள்வார். ஆகிவந்த டிரில் ஒன்றை வளையத்தோடு விற்பார். கூட்டம் கார்களுக்கு இடையிலெல்லாம் வளைந்து நின்றது.

எங்கள் பக்கத்து வீட்டு ப்ரான்வினும் வரிசையில் நின்றாள். மண் பையைச் சுமக்க நான். அவள் அம்மா திங்கட்கிழமை மருத்துவமனையிலிருந்து சக்கர நாற்காலியில் வருகிறார். வாசல் படிமேல் மரத்தில் ஒரு சரிவுப் பாதை அதற்குள் முடிந்தாக வேண்டும். அவளுடைய டிரில்லோ கட்டையைத் தொட்டதும் டக் டக் டக் என்று முனகிவிட்டு நின்றுவிடுகிறது.

வளையம் ஆடியது. "சாபம் பிடிச்ச டிரில், கண்ணு. இதை வெச்சு வேலை செஞ்சா சரிவு உடையும். அம்மா விழுவாங்க."

ப்ரான்வின் முகம் வெளிறியது. டெஸ்மண்ட் தம் டிரில்லைத் தைலமரக் கட்டையில் அழுத்தினார். டக் டக் டக். பிறகு அதன் மூக்கில் வளையத்தை மாட்டி, கண்ணை மூடி, மூக்கை ஆசையாகத் தேய்த்துக் கொடுத்தார். அழுத்தினார். துளை மறுபக்கம் வந்தது. கூட்டம் கைதட்டியது.

"இன்னொரு தடவை செய்ங்க" என்றாள் ப்ரான்வின்.

பின்னால் இருந்தவர் சலித்துக்கொண்டார். "சீக்கிரம்மா, என் மண்ணு காயுது!"

டெஸ்மண்ட் மறுபடி செய்தார். அவள் வளையத்தைப் பார்க்கவில்லை, விரல்களைப் பார்த்தாள். சட்டென்று டிரில்லை வாங்கி, வளையத்தைக் கழற்றிவிட்டுக் கட்டையில் அழுத்தினாள். துளை விழுந்தது.

"வளையம் இல்லாமலே போகுதே, டெஸ்மண்ட்?"

"சக்தி இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு, கண்ணு."

"அப்படியா? க்ளைவ், ஒரு வெங்காயம் குடு. பெருசா, வட்டமா."

பக்கத்தில் தீயணைப்புத் தொண்டர்களுக்கு நிதி திரட்ட வெங்காயத்தோடு இறைச்சி சாசேஜ் சுட்டு விற்றுக்கொண்டிருந்த க்ளைவ், நறுக்கிய வெங்காய வட்டம் ஒன்றை நீட்டினான். ப்ரான்வின் அதைத் தன் சபிக்கப்பட்ட டிரில்லின் மூக்கில் மாட்டினாள். டெஸ்மண்டைப் போலவே கண்ணை மூடித் தேய்த்துக் கொடுத்தாள். அழுத்தினாள். தைலமரம் வெண்ணெயாக வழிவிட்டது.

"இதுல எந்த சக்தி ஒட்டிக்கிட்டிருக்கு?"

டெஸ்மண்ட் வேன் சாவியைத் தேட ஆரம்பித்தார்.

"எல்லாரும் இங்க பாருங்க. மூக்குல நம்பர் போட்ட பட்டை இருக்கில்ல? சின்ன நம்பர்ல இருந்தா, கொஞ்சம் கஷ்டப்பட்டாலும் வழுக்கி டக் டக்னு நிக்கும். திருகு கட்டைக்குள்ள புதைஞ்சு போகாம இருக்க அப்படி. துளை போடணும்னா பட்டையை டிரில் படம் போட்ட இடத்துக்குத் திருப்பணும். இவரு தேய்க்கல, திருப்பறாரு!"

அத்தனை பேரும் தத்தம் டிரில்லின் மூக்கை முதல்முறையாகப் பார்த்தார்கள். அடுத்த கணம் வேன் கதவு திறந்தது. சாபம் பிடித்த டிரில்கள் சொந்தக்காரர்களிடம் திரும்பின. டெஸ்மண்ட் மட்டும் யாருக்கும் பொருந்தாமல் நடுவில் நின்றார்.

ப்ரான்வின் நன்றிக்குக் காத்திராமல் வீட்டுக்கு ஓடினாள். திங்கட்கிழமை அவள் அம்மா அந்தச் சரிவில் ஏறி, "ரொம்ப செங்குத்தா வெச்சிருக்க" என்று குறை சொன்னார். சரிவு உடையவில்லை.

ஆனால் அன்று கடை வாசலில், கூட்டம் கலைந்தபிறகு, மண் காய்ந்துபோன அந்த மனிதர் க்ளைவின் காதோரம் குனிந்தார்: "துளை போடறதுக்கு வெள்ளை வெங்காயமா, சிவப்பா?"

மக்களே, எந்த அற்புதத்தையும் இன்னொரு தடவை செய்யச் சொல்லிப் பாருங்கள். அதற்கு மண் வேண்டாம், மண்டை போதும்.