பெண் பார்க்கப் போன கத்தி

பதற்றம் வந்தால் சிலர் நகம் கடிப்பார்கள், சிலர் பாத்ரூமுக்கு ஓடுவார்கள். எனக்குக் கையில் எதையாவது வைத்து நோண்டியாக வேண்டும். டிவி ரிமோட்டின் பின்மூடி, ஆபீஸ் அடையாள அட்டையின் கிளிப், பஸ் சீட்டின் ரெக்ஸின் எல்லாம் இந்தக் கையால் உயிரை விட்டவைதான். என் வாழ்க்கையிலேயே முக்கியமான ஞாயிற்றுக்கிழமை அன்று அந்தக் கையில் சிக்கியது ஒரு மடக்குக் கத்தி.

ஆசைப்பட்டுப் புதிதாக வாங்கிய பழைய பாணிக் கத்தி அது. தேக்குப் பிடி, பித்தளை ஆணி, முதுகில் ஒரு ஸ்பிரிங். அலகில் உள்ள சின்னக் குழியில் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தால் திறக்க வேண்டும். எனக்கு நகம்தான் திறந்தது. (இன்றைக்கும் அந்த நகம் கோணலாகத்தான் வளர்கிறது.) இந்த மாதிரிக் கத்திகளுக்காகவே ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, நம்புங்கள். புதுசு முரண்டு பிடிக்கத்தான் செய்யும், ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் தினமும் திறந்து மூடினால் பழகிவிடும் என்றார்கள். நானும் தினமும் திறந்து திறந்து மூடினேன். கொஞ்சம் வழிக்கு வந்தது.

அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. எங்கள் அம்மாவுக்கு அன்றைக்கு வீட்டில் எது பொட்டு இல்லாமல் இருந்தாலும் மனசு ஆறாது. ஸ்கூட்டர், மிக்ஸி, என் லேப்டாப் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். இந்தக் கத்தியைத் திறந்து வைத்து, சரியாக அலகு மடங்குகிற மூட்டில் தாராளமாக ஒரு பொட்டு வைத்தார். மறுநாள் நான் மகாபுத்திசாலி, துடைக்காமல் அப்படியே மடக்கி மேஜைக்குள் போட்டேன். அரைத்த சந்தனம் காய்ந்தால் சிமென்ட் தோற்றுப் போகும் என்று வாட்ஸ்அப் குழுவில் எவனும் சொல்லவில்லை.

இப்போது சுகன்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிங்கப்பெருமாள் கோயிலில் எங்கள் கம்பெனி பஸ் ஏறும் இடத்தில் தினமும் பார்ப்பேன். எனக்கு அவளை அவ்வளவு பிடித்திருந்தது. ஒருநாள் தைரியம் வந்து சொல்லிவிட்டேன். அவள் பிடித்திருக்கிறது என்றும் சொல்லவில்லை, பிடிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. வீட்டில் வந்து அப்பாவைக் கேளுங்கள், அடுத்த ஞாயிறு தாம்பரத்திலிருந்து வேறு ஒருவர் பார்க்க வருகிறார், அதற்கு முன்னால் இந்த ஞாயிறே வாருங்கள் என்றாள். அப்பா வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்றும் சொன்னாள். அந்த அப்பா யார் என்றால், ஒரு பெரிய அலுவலகத்தின் வாசலில் காலமெல்லாம் உள்ளே போகிறவர்களின் பையையும் பாக்கெட்டையும் சோதித்தே ஓய்வு பெற்றவர்.

அக்கா வீட்டுக்காரர் ஏழுமலை மாமாதான் கார் ஓட்டினார். நான் முன்சீட்டில். அம்மா பூ, பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் தூங்கிவிட்டார். கருங்குழியில் கிளம்பி செங்கல்பட்டு வருவதற்குள் என் கை நோண்ட எதையாவது தேட ஆரம்பித்தது. கை சும்மா இருக்கட்டுமே என்று எடுத்து வந்த கத்தியை வெளியே எடுத்தேன்.

"இன்னா மச்சான், பொண்ணு பாக்கப் போறியா, ஆள வெட்டப் போறியா?" என்றார் மாமா.

அலகு அசையவில்லை. காரில் மாமா தலைக்குத் தடவ வைத்திருந்த தேங்காய் எண்ணெயை மூட்டில் ஊற்றினேன். திருக்கழுக்குன்றம் தாண்டியபோது பல்லைக் கடித்து இழுத்தேன். டப்பென்று முழுசாகத் திறந்துகொண்டது. சந்தோஷப்பட்டு மடக்கப் பார்த்தேன், மடங்கவில்லை. தொடையில் வைத்து அழுத்தினேன், இரண்டு கையாலும் அழுத்தினேன். ம்ஹூம். சட்டையெல்லாம் வியர்வை. மாமல்லபுரத்தில் கார் அவர்கள் வீட்டு வாசலில் நிற்கும்வரை மல்லுக்கட்டிக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்தால் சுகன்யாவின் அப்பா என் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தபடி நிற்கிறார்.

சீட்டுக்கு அடியில் போட்டிருக்கலாமே என்பீர்கள். இதை என்னிடம் கேட்காத சொந்தக்காரரே கிடையாது. அந்த நேரத்தில் என் மூளை கைக்குட்டையில் சுற்று, பேன்ட் பாக்கெட்டில் போடு என்றது. போட்டேன்.

சோபாவில் உட்கார்ந்தேன், ஆனால் உட்காரவில்லை. காலை மடக்கினால் கத்தி முனை தொடையில் ஏறுகிறது. முழங்கால் ஆபரேஷன் ஆனவன் மாதிரி ஒரு காலை நேராக நீட்டிக்கொண்டேன். சுகன்யாவின் அப்பா சம்பளம் எவ்வளவு என்று கேட்டார், சொந்த வீடா என்று கேட்டார். மூச்சு விட்டால் குத்தும் என்ற பயத்தில் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னேன். பேச்சு என்னோடு இருந்தாலும் அவர் பார்வை என் பாக்கெட்டிலேயே இருந்தது. தொழில் புத்தி.

அம்மாதான் முதலில் பார்த்தார். "டேய், ரத்தம்டா" என்றார்.

குனிந்து பார்த்தேன். கிரீம் கலர் புது பேன்ட்டில், பாக்கெட்டைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. எண்ணெயில் ஊறிய குங்குமம் கைக்குட்டையைத் தாண்டி வந்துவிட்டது. அது எனக்குத் தெரியும். அங்கே இருந்த வேறு யாருக்கும் தெரியாது.

"எழுந்திரு தம்பி. பாக்கெட்ல கீறத வெளிய எடு" என்றார் அவர். அந்தக் குரலுக்கு எத்தனை பேர் பையைத் திறந்து காட்டியிருப்பார்களோ, நானும் எடுத்துப் பிரித்தேன். சிவந்த கைக்குட்டை, நடுவில் விரித்த கத்தி. என் கட்டைவிரல் எல்லாம் சிவப்பு.

மாமாவுக்கு நிலைமையைச் சமாளிக்கும் ஆசை வந்துவிட்டது. "ஒண்ணும் இல்லீங்க. புதுக் கத்தி. இப்பத்தான் கை பழகிக்கினு கீறாரு."

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். தாம்பரத்துக்காரன் முகம்கூடத் தெரியாது, அவன் மாலையும் கழுத்துமாக நிற்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. சுகன்யாவின் அப்பா வாங்கிப் பார்க்கக் கை நீட்டினார். அவள் அம்மா பதறிக்கொண்டு வந்து, "கத்திய கையில குடுக்காதப்பா, கீழ வை. கையில குடுத்தா சண்ட வரும்" என்றார்.

கீழே வைக்கக் குனிந்தேன். அப்போதுதான் சுகன்யா காப்பித் தட்டோடு வந்தாள். தட்டை டீப்பாயில் வைத்துவிட்டு என் முன்னால் கையை நீட்டினாள்.

"இங்க குடுங்க."

"அடியே, கையில வாங்காதடி" என்றார் அவள் அம்மா.

சுகன்யா அம்மாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நேராக அப்பாவைப் பார்த்தாள். "சண்ட வந்தா வரட்டும்மா. நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, என் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டாள்.

கத்தியை மூக்கருகில் கொண்டு போனாள். "சந்தனம்ப்பா. ஆயுத பூஜைச் சந்தனம், உள்ள இறுகிப் போய் கீது" என்றாள். பிறகு எனக்கென்று கொண்டு வந்த ஆவி பறக்கும் காப்பியில் மூட்டுவரை முக்கி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து, முந்தானையால் பிடித்து அழுத்தினாள். டக்கென்று மடங்கியது.

அவர் அந்தக் கத்தியையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "மாப்பிளைக்கு வேற காப்பி குடு" என்றார்.

மாப்பிள்ளை என்று அவர் சொன்னது என் காதில் லேட்டாகத்தான் விழுந்தது. அதற்குள் பதற்றத்தில் கை சும்மா இல்லாமல் அந்த டம்ளரை எடுத்து, சந்தனம், குங்குமம், தேங்காய் எண்ணெய் சமேதமாக ஒரே மூச்சில் குடித்து முடித்திருந்தேன்.

கல்யாணம் ஆகிவிட்டது. மாமனார் வீட்டுக்குப் போனால் இன்றைக்கும் அவர் வாசலிலேயே நிறுத்தி, என் பாக்கெட்டைத் தட்டிப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார். நாங்கள் சண்டை போட்டால் மாமியார் போனில் ஒரே ஒரு வசனம்தான் சொல்வார்: கையில வாங்காதன்னு அன்னைக்கே சொன்னேன். ஏழுமலை மாமா என்னைப் புது ஆட்களுக்கு அறிமுகப்படுத்துவதே, பொண்ணு வூட்டுக்குக் கத்தியோட போனவரு என்றுதான்.

போன வாரமும் சண்டை. குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதில் ஆரம்பித்து எங்கேயோ போய்விட்டது. கடுப்பில், "பேசாம அன்னைக்கு அந்தக் கத்திய நான் கீழயே வெச்சிருக்கணும்" என்றேன்.

அவள் அதே கத்தியால் கொய்யா நறுக்கிக்கொண்டிருந்தாள். இப்போது வெண்ணெய் மாதிரித் திறக்கிறது.

"வெச்சிருந்தா எங்கப்பா எடுத்திருப்பாரு. நீங்க அப்படியே கருங்குழி போய்ச் சேர்ந்திருப்பீங்க" என்றாள்.

சொல்லிவிட்டுக் கத்தியை மடக்கி, என் கையிலேயே கொடுத்தாள்.